பாஞ்சாலை அக்காவும் கல் சுமந்த மாணவர்களும்

மழை நாட்களில் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கும்போது, நாங்கள் நேரே ஆயாக் கொட்டகைக்குத்தான் போவோம். வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. உள்ளே அடுப்புக்கு மேலே ஒரு கொடி கட்டியிருக்கும். பிள்ளைகளின் துணிகள் அதில் காயும். அந்தச் சின்னத் துணிகளுக்கு நடுவே, பழைய சாரோங் கைலியைக் கிழித்து ஓரம் தைத்த பெரிய துண்டுகளும் தொங்கும். ஆயா வேலை பார்த்த பாஞ்சாலை அக்கா, பிள்ளையைக் கொடுப்பதற்கு முன் அதில் ஒரு துண்டை எடுத்து எங்கள் கையில் வைப்பார். கதகதப்பாக இருக்கும். "புள்ளைக்குத் துடைக்க" என்பார். பிள்ளை காய்ந்துதான் இருக்கும். நனைந்து நடுங்குகிறவர்கள் நாங்கள்தான்.

பக்கத்து வீட்டு வடிவம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏக்கா, இம்மாம் பெரிய துண்டா? எந்தப் புள்ளைக்கு இவ்ளோ பெரிய தலை?"

"உன் புள்ளைக்குத்தான். ஆத்தாளாட்டம்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்தத் துண்டுகளைத் தைத்தது யார், துவைத்துக் காயப்போடுவது யார் என்று அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை.

அவர் பிறந்தது ஈப்போ பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். கல்யாணமாகி இந்த மலைக் குளிருக்கு வந்தார். புருசன் தேயிலை ஆலையில் வேலை செய்தவர். நெஞ்சில் சளி கட்டி, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. சில காலம் எங்களோடு கொழுந்து பறித்தார். பிறகு ஆயா வேலை கிடைத்தது.

அவரைப் போலப் பயப்படுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை. தொட்டில் கயிறு அறுந்துவிடுமோ, பால் திரிந்துவிட்டதோ என்று பார்த்துக்கொண்டே இருப்பார். தூங்குகிற பிள்ளையின் மூக்கருகில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். தோட்டத்து மேலாளரான துரையின் ஜீப் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவார். எங்கள் வேலையை மேற்பார்த்த தங்கையா கங்காணி எதிரே வந்தால் பாதையை விட்டுத் தேயிலைச் செடிக்குள் இறங்கி நிற்பார். கங்காணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான். உதடு மட்டும் எப்போதும் "முருகா, முருகா" என்று அசைந்துகொண்டிருக்கும்.

எழுபத்தெட்டாம் வருடக் கடைசி மழையில் கொட்டகையின் மேல்பக்கத்து மூலைக்கால் ஈரத்தில் உளுத்துச் சாய்ந்தது. கூரைத் தகரம் ஒன்று பிய்ந்து, பறந்துபோய்ச் செடிகளின் மேல் விழுந்தது. பிள்ளைகள் யார் மேலும் விழாமல் அந்த மாரியம்மன்தான் காப்பாற்றினாள். ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி வந்து பார்த்தார். துரை சொன்னதைச் சொன்னார்.

"அடுத்த வருசம் முடியறதுக்குள்ள புதுசா ஒண்ணு நின்னா சரி. இல்லேன்னா இதை மூடிட்டு, புள்ளைங்கள கீழ்ப் பிரிவுக் கொட்டகைக்கு அனுப்பணுமாம். லோரி விடுவாங்க."

"புதுசா யாருங்கய்யா கட்டுவா?" என்று நான் கேட்டேன்.

"அதைத் துரை சொல்லலம்மா."

தோட்டத்தின் கீழ்ப் பிரிவு, மலை வளைவுகளில் வெகுதூரம் இறங்கிப் போக வேண்டிய இடம். விடியற்காலைப் பனியில் கைப்பிள்ளைகளை லோரியில் ஏற்றி அனுப்ப யாருக்கு மனசு வரும்? என் கடைக்குட்டிக்கு அப்போது ஒரு வயது கூட ஆகவில்லை. அக்காவுக்கு அதைவிடப் பெரிய கவலை. கீழ்ப் பிரிவில் ஏற்கெனவே ஓர் ஆயா இருக்கிறாள். இங்கே கொட்டகையை மூடினால் அக்காவுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்குத் தொழிலாளர் லைனில் வீடும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அமிர்தலிங்கம் என்ற மாணவர் வந்தார். கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, குளிரில் காது சிவந்து நின்றார். மாணவர்கள் லீவு நாளில் ஏதாவது ஒரு தோட்டத்துக்கோ கம்பம் என்கிற கிராமத்துக்கோ போய், அங்குள்ள சனங்களோடு இருந்து, ஒரு நல்ல வேலையைச் செய்து கற்றுக்கொள்ள வேண்டுமாம். அதற்கு ஓர் அறநிறுவனம் மானியம் கொடுக்கிறதாம். கோயில் வாசலில் எல்லாரையும் உட்கார வைத்து, "உங்களுக்கு என்ன வேணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

தங்கையா கங்காணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, திருவிழாவுக்கு ஒரு மேடை வேண்டும் என்றார். பையன்கள் பந்து விளையாடத் திடல் கேட்டார்கள். அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், ஈனமாக, "கொட்டகை" என்றது.

"என்னம்மா?" என்றார் அமிர்தலிங்கம்.

"புள்ளைங்க கொட்டகை, தம்பி." சொல்லிவிட்டுப் பாஞ்சாலை அக்கா இடுப்பில் இருந்த பிள்ளையின் முதுகில் முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்கப்புறம் பெண்கள் நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம். கங்காணியின் மேடை எங்கே போனதென்று தெரியவில்லை.

பல மாதம் ஒரு தகவலும் இல்லை. அக்கா வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றி வைத்துவிட்டு, "அந்தத் தம்பிக்கு நல்ல புத்தியக் குடு" என்று வேண்டிக்கொள்வார். எழுபத்தொன்பதாம் வருடம் சித்திரை பிறந்த பிறகு அமிர்தலிங்கம் திரும்பி வந்தார். மானியம் கிடைத்துவிட்டது. துரையும் இடத்தைக் காட்டிவிட்டார். எங்களைக் கூட்டி வைத்து அவர் சொன்னது எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது.

"பணம் ரெண்டு தடவையா வரும். மொதல்ல மரத்துக்கு. நாங்க வேலையத் தொடங்கினதை எங்க விரிவுரையாளர் வந்து பாத்தப்புறம், தகரத்துக்கும் சிமெண்டுக்கும். ஆனா ஒண்ணு. வேலைய நாங்களே எங்க கையால செய்யணும். நீங்க கூட நிக்கலாம், சொல்லிக் குடுக்கலாம். செய்யறது நாங்க."

"சரிங்க தம்பி" என்றோம். எல்லாரும் தலையை ஆட்டினோம். ஆனால் அவர் சொன்னது எங்கள் புத்தியில் ஏறவே இல்லை. விருந்துக்கு வருகிறவர் "எனக்காக ஒண்ணும் செய்ய வேணாம், இருக்கறதப் போடுங்க" என்று சொல்வாரே, அந்த மாதிரி மரியாதைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டோம். அப்படிச் சொன்னவருக்கு இருப்பதை மட்டும் போட்டு யார் அனுப்பியிருக்கிறார்கள்?

மாணவர்கள் வந்து இறங்கினார்கள். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, முகம் வெளுத்துப்போயிருந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள். ஒரு மலாய்ப் பையனும் ஒரு சீனப் பெண்ணும் கூட இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தோம். வீட்டுக்கு ஒரு வேளை என்று முறை போட்டுச் சமைத்தோம். மலாய்ப் பையன் முஸ்லிம் என்பதால் புதுச் சட்டி வாங்கி, மீனும் முட்டையும் தனியாக வைத்தோம். கியா பார்ம் காய்கறித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் கோசும் கேரட்டும் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

முதல் நாள் அம்சவல்லி என்ற மாணவி மண் கூடையை எடுத்தாள். வடிவம்மாள் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

"விடு பாப்பா. படிக்கிற கை. கொப்பளிச்சுப் போயிடும்."

"இல்லக்கா, நாங்கதான் செய்யணும்."

"செய்யலாம்லா, மெதுவாச் செய்யலாம். மொதல்ல போயி டீ குடி."

அமிர்தலிங்கத்தின் கையிலிருந்த மண்வெட்டியைக் கங்காணி வாங்கி வைத்துக்கொண்டார். "ஒக்காருங்க தம்பி. நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று நாற்காலியைக் காட்டினார். பெரியவர் சொல்லும்போது எப்படி மறுப்பது? அந்தப் பிள்ளைகளும் வளர்ப்பு நல்ல பிள்ளைகள். கூச்சத்தோடு உட்கார்ந்தார்கள். எழுந்தார்கள். மறுபடி உட்கார வைத்தோம்.

பாஞ்சாலை அக்காவுக்கு வேறு பதற்றம். மத்தியானமானால் மழை இறங்குகிறது. பழைய கொட்டகையின் கால் இன்னும் சாய்கிறது. இவர்கள் மண்வெட்டி பிடிக்கிற அழகைப் பார்த்தால் தீபாவளிக்குக்கூட அஸ்திவாரம் முடியாது. அவர் வீடு வீடாகப் போய் ஆண்களைக் கெஞ்சினார்.

"அண்ணே, பெரட்டுக்கு முந்தி கொஞ்சம் வெட்டிக் குடுத்துடுங்களேன்."

பெரட்டு என்றால் காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரம். அதற்கு முன்பே, பனி விலகுமுன், ஆண்கள் போய் வெட்டினார்கள். அக்கா காப்பி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாணவர்கள் எழுந்து வருவதற்குள் அன்றைய வேலை முடிந்திருக்கும். அந்த வாரக் கடைசியில் அஸ்திவாரக் குழி நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. அக்கா முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவு வந்தது.

சனிக்கிழமை மாலை விரிவுரையாளர் சாம்பசிவம் வந்தார். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தவர், முன்னாலேயே வந்துவிட்டார். நாங்கள் வேலை முடிந்து வந்திருந்தோம். மாணவர்கள் மழைக்குக் கட்டியிருந்த கூடாரத்துக்கு அடியில் உட்கார்ந்து அவித்த மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அஸ்திவாரத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கே. யார் வெட்டினது?"

தங்கையா கங்காணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எல்லாம் எங்க ஆளுங்கதான் ஐயா. உங்க புள்ளைங்கள ஒரு கூடை மண்ணுகூடத் தூக்க விடலே. ராஜா மாதிரி வெச்சிருக்கோம்லா!"

நாங்கள் எல்லாரும் சிரித்த முகமாக, அவர் என்ன சொல்லிப் பாராட்டப் போகிறார் என்று நின்றோம். அவர் முகம் மாறிப்போனது. அமிர்தலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மனசு பெருசு. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது" என்றார் சாம்பசிவம். "ஆனா இவங்க ஒடம்பு வளைஞ்சு வேலை செஞ்சு கத்துக்கணும்னுதான் அந்தப் பணமே. நான் பாத்தத மாத்திச் சொல்ல முடியாது. திங்கக்கிழமை காலையில கோலாலம்பூருக்குப் போற வழியில ஒரு தடவ வந்து பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா, தகரத்துக்குப் பணம் வராதுங்க."

அவர் கார் கிளம்பிப் போனது. அம்சவல்லி அழுதுகொண்டே, "நாங்க சொன்னோம்ல, நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

"நீ சும்மா மரியாதைக்குச் சொல்றேன்னு நெனச்சோம் பாப்பா" என்றாள் வடிவம்மாள். அவளுக்கும் குரல் இறங்கிப்போயிருந்தது.

விளக்கு வைத்த பிறகு கோயில் வாசலில் கூடினோம். ஆளுக்கு ஒரு யோசனை. கங்காணி சொன்னார்: "புள்ளைங்க சட்டையில மண்ணப் பூசி நிக்க வெப்போம். அவங்க வெட்டினதுதான்னு சொல்லிடுவோம்."

"சட்டையில பூசுவீங்க. கைக்கு என்னத்தப் பூசுவீங்க? சந்தனமா?" என்றாள் வடிவம்மாள்.

யாரோ ஒருவர், வெட்டினதை மூடிவிட்டு மாணவர்களையே மறுபடி வெட்டச் சொல்லலாம் என்றார். பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டோம். கங்காணி எழுந்தே விட்டார். "வெட்டின அஸ்திவாரத்த மூடறதா? கட்டாம மூடறது பொணக்குழிக்குச் செய்யறது. புள்ளைங்க தூங்கற எடத்துல அத யோசிக்கலாமா?"

பாஞ்சாலை அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நாந்தான் வெட்டச் சொன்னேன்" என்றார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "அஸ்திவாரத்துக்கு வேண்டிய கல்லு ஆத்தங்கரையில கெடக்கு. இன்னும் ஒண்ணுகூட மேல வரல" என்றார்.

"அதுக்கு?"

"அது அவங்க வேலை. நாளைக்கு யாரும் தொடாதீங்க."

"நாங்க பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"ஆமாங்க" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிறு. எல்லாரும் வீட்டில். மாணவர்கள் விடிந்ததும் ஆற்றுக்கு இறங்கினார்கள். அக்கா கையில் விளக்குமாறோடு பாதை முனையில் நின்றுவிட்டார், கோழியை விரட்ட நிற்பவர் போல. ஆற்றங்கரைக் கல் உருண்டையானது, கனமானது, பாசி படிந்து வழுக்கும். அந்தப் பிள்ளைகள் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நேர் ஏற்றத்தில் ஏறினார்கள். பாதி வந்ததும் மூச்சு வாங்கி நின்றார்கள். ஒரு கல் நழுவி உருண்டு, ஏறின தூரமெல்லாம் திரும்ப இறங்கியது. எங்கள் கை சும்மா இருக்க மறுத்தது. சுமந்து பழகின கைகள் அல்லவா?

முதலில் பொறுக்க முடியாமல் போனது கங்காணிக்குத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அக்கா விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டினார்.

"தொடக்கூடாதுங்க."

"தள்ளு புள்ள. பாவமா இருக்கு."

"நாங்க குனிஞ்சு வேலை செய்யறப்ப நீங்க நின்னு பாத்தவங்கதானே? அந்தப் பழக்கம் இருக்கில்ல? இன்னிக்கும் நின்னு பாருங்க."

சொன்னவருக்கே தூக்கிவாரிப் போட்டது. கங்காணி அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்து உதறி, கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"உனக்கு வாய் இருக்குன்னே இத்தன வருசமா எனக்குத் தெரியாதுலா" என்றார். சிரித்தது வடிவம்மாள்தான் முதலில். அதற்கப்புறம் கங்காணி உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார்: "நேரா ஏறாதீங்க தம்பி! வளைஞ்சு வளைஞ்சு வாங்க! கல்லத் தோளுக்கு ஏத்துங்க!" சொல்லிக் கொடுக்கத் தடை இல்லையே.

மத்தியானம் மழை பிடித்தது. பாதை சேறானது. அம்சவல்லி கல்லோடு விழுந்தாள். முழங்காலில் ரத்தம் சேற்றோடு சேர்ந்து வழிந்தது. வடிவம்மாள் "ஐயோ" என்று ஓடினாள். அக்கா அவள் சேலையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுக்கா, புள்ளைக்கு ரத்தம் வருது!"

"நீ போனா நானும் போவேன். நான் போனா எல்லாரும் வருவாங்க." அக்காவின் கன்னத்தில் வழிந்தது மழையா கண்ணீரா என்று சொல்ல முடியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டேன். திறந்து பார்த்தபோது அந்தப் பெண் எழுந்து, முழங்காலைப் பார்த்து, சீனப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து அதே கல்லைத் தூக்கினாள்.

பொழுது சாயும்போது குவிந்த கல் அதிகமில்லை. எங்கள் ஆண்கள் அதைச் சீக்கிரமே சுமந்து முடித்திருப்பார்கள். இது போதுமா என்று யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை, பெரட்டுக்கு முன்னால் நான் பிள்ளையைக் கொட்டகையில் விட்டுக்கொண்டிருந்தபோது கார் வந்தது. மாணவர்கள் அதற்கு முன்பே ஆற்றில் இறங்கியிருந்தார்கள். மலாய்ப் பையன் ஒரு கல்லோடு ஏறிக்கொண்டிருந்தான், காரைக்கூடப் பார்க்கவில்லை. சாம்பசிவம் கல் குவியலைப் பார்த்தார். அம்சவல்லியின் கட்டுப்போட்ட முழங்காலைப் பார்த்தார். அமிர்தலிங்கத்தின் கையை விரித்துப் பார்த்தார். அக்கா பிள்ளை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். துரை ஜீப்புக்கு ஒளிகிறவர், தானாகப் போய் நின்றார்.

"ஐயா, குழி நாங்க வெட்டினது. கல்லு இவங்க சொமந்தது. ரெண்டையும் அப்படியே சொல்லுங்க ஐயா."

"அப்படியேதாம்மா சொல்வேன்" என்றார் அவர். "பணம் குடுக்கறவங்க என்ன செய்வாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

அதன் பிறகு காத்திருந்த நாட்களைப் போலக் கொடுமையான நாட்கள் இல்லை. மாணவர்கள் கல் சுமந்தார்கள், அடுக்கினார்கள், மரத்துக்கு ரம்பம் பிடித்தார்கள். நாங்கள் சோறு போட்டோம். அதற்கு மேல் கை நீட்டவில்லை. கால் நட்டாயிற்று, சட்டமும் ஏறிற்று. கூரை மட்டும் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. லீவு முடிய வந்தது. லோரி சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா வாசலுக்கு வருவார். திரிங்காப்புக்குக் காய்கறி ஏற்றப் போகும் லோரியாக இருக்கும். உள்ளே போய்விடுவார்.

கடைசியில் ஈப்போவிலிருந்து தகரம் வந்தது. சிமெண்டு வரவில்லை. குழி மாணவர்கள் வெட்டாததால் அந்தப் பங்கைப் பிடித்துக்கொண்டார்களாம். யாரும் குறை சொல்லவில்லை. தரை வெறும் மண்ணாக இருந்தது; அக்கா வாரம் ஒருமுறை சாணி மெழுகினார். துரை வந்து பார்த்து, கீழ்ப் பிரிவுப் பேச்சை விட்டுவிட்டார். வெகுநாள் கழித்து, தோட்டத்துச் செலவிலேயே தரைக்குச் சிமெண்டு போட்டுக் கொடுத்தார்.

அமிர்தலிங்கம் கல்யாணப் பத்திரிகை அனுப்பினார். அம்சவல்லி ஆசிரியை ஆகிவிட்டாள் என்று கேள்வி. அக்கா அந்தக் கொட்டகையில் இன்னும் பல வருடம் பிள்ளை வளர்த்தார். என் கடைக்குட்டி அங்கேதான் நடை பழகினான். அக்காவின் பயம் மட்டும் குறையவில்லை. துரை ஜீப்பைக் கண்டு ஒளிவதும் நிற்கவில்லை. அந்த இரண்டு நாள்தான் அப்படி.

எண்பத்தேழில் அவருக்கு மூட்டு வலி தாங்க முடியாமல் போனது. இந்தக் குளிர் இனி ஆகாது என்று டாக்டர் சொன்னார். சுங்கை சிப்புட்டில் இருந்த தம்பி வீட்டுக்குப் போக முடிவானது. ஆயா வேலைக்கு வேறொரு பெண்ணை எடுத்தார்கள். நான் அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு தானா ராத்தா பஸ் நிலையம் வரை போனேன். என் கையில் விபூதிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். பஸ் கிளம்பியது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார், கடிதம் போடச் சொல்வார் என்று நினைத்து நான் கூடவே நடந்தேன். அவர் தலையை வெளியே நீட்டினார்.

"ருக்கு, கொட்டகையில மேல்பக்கத்துச் சன்னலை மேகம் எறங்கறதுக்கு முன்னாடியே சாத்தச் சொல்லு. அந்தப் பொண்ணு மறந்துடுவா. நீ போய்ப் பாரு, இப்பவே போ."